லெப்டிக்காகக் காத்திருந்தவர்கள்: கிளிபோர்ட் ஓடெட்ஸின் தொடக்ககால நாடகங்கள்

ஓர் எழுத்தாளன் எங்கிருந்து தோன்றுகிறான்? அவன் பிறவியிலேயே மேதை என்பதே நமது பாடநூல்கள் வழக்கமாகத் தரும் விடை. வறுமையும் அவமதிப்பும் அவனைத் தடுத்தன என்றும், அவற்றையெல்லாம் மீறி அவனது தனித்திறமை வென்றது என்றும் வாழ்க்கை வரலாறுகள் எழுதப்படுகின்றன. இவ்வாறு எழுதுவோர் அந்த எழுத்தாளனோடு உண்டு உறங்கி உழைத்த கூட்டத்தை மறந்துவிடுகின்றனர். அவன் சொல்லைக் கேட்கக் காத்திருந்த மக்களையும் மறந்துவிடுகின்றனர். அமெரிக்க நாடகாசிரியர் கிளிபோர்ட் ஓடெட்ஸின் தொடக்ககால வாழ்க்கை இந்தப் பழைய விடையை மறுப்பதற்குத் தக்க சான்றாகும். 1935 ஆம் ஆண்டு பிறந்தபோது அவர் சிறு வேடங்களில் தோன்றிவந்த ஒரு துணை நடிகர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய நான்கு நாடகங்கள் நியூயோர்க்கின் புரோட்வே அரங்குகளில் ஏறிவிட்டன. இந்த வேகத்துக்குக் காரணம் யாது?

இந்தக் கேள்வியை அப்புத்தளையிலிருந்து எழுப்புவதற்கு நியாயம் உண்டு. 1890 இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. அவர் அமர்ந்து தமது மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்தைக் காண்பதற்கு நாள்தோறும் உல்லாசப் பயணிகள் ஏறுகின்றனர். ஏறும் வழியெங்கும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் லயங்களையும் அவர்கள் கடந்துதான் செல்கின்றனர். ஆயினும் துரையின் இருக்கைக்குக் கிடைத்த புகழ் அந்த லயங்களின் கதைக்குக் கிடைக்கவில்லை. மலையகத்தில் நாடகம் எழுதியோர் இல்லாமலில்லை. மாத்தளை கார்த்திகேசு போன்றோர் மேடைக்காக உழைத்திருக்கின்றனர். எனினும் “எமக்கென்று ஒரு பெரும் நாடகாசிரியன் ஏன் இன்னும் தோன்றவில்லை?” என்ற ஏக்கம் ஊவாவின் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் இருக்கவே செய்கிறது. ஓடெட்ஸின் கதை இந்த ஏக்கத்துக்கு ஆறுதல் கூறவில்லை. கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்று அது எமக்கு உணர்த்துகிறது.

ஓடெட்ஸ் 1906 இல் பிலடெல்பியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் வளர்ந்தார். தந்தை அச்சுத் தொழிலில் முன்னேறி வந்தவர். மகனும் வியாபாரத்துக்கு வர வேண்டுமென விரும்பியவர். மகனோ பதினேழு வயதளவில் பாடசாலையை விட்டு நடிப்பைத் தேடிச் சென்றார். வானொலியிலும் ஊர் ஊராகச் செல்லும் குழுக்களிலும் சில்லறை வேடங்களே அவருக்குக் கிடைத்தன. 1929 இல் பங்குச் சந்தை சரிந்தது. 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். உழைப்பவன் உயர்வான் என்று அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓதப்பட்ட பாடம் அவர்கள் கண்முன்னே பொய்த்துப் போயிற்று. ஓடெட்ஸின் தலைமுறைக்கு இந்த நெருக்கடி வெறும் செய்தியாக வரவில்லை. அன்றாட உணவிலும் உடையிலும் வீட்டு வாடகையிலும் அவர்கள் அதனை அனுபவித்தனர்.

ஆனால் நெருக்கடி மட்டும் எழுத்தாளனைப் படைப்பதில்லை. அக்காலத்தில் அமெரிக்காவில் பட்டினி கிடந்த நடிகர் பல்லாயிரவர். அவர்கள் அனைவரும் ஓடெட்ஸ் ஆகிவிடவில்லை. அவர் வளர்ச்சியின் இரண்டாம் காரணத்தை ‘குரூப் தியேட்டர்’ என்ற குழு அரங்கிலே காண்கின்றோம். ஹரல்ட் கிளர்மன், ஷெரில் குரோபோர்ட், லீ ஸ்ட்ராஸ்பேர்க் ஆகிய மூவரும் 1931 இல் இதனை நிறுவினர். முதற் கோடையிலேயே இருபத்தெட்டு நடிகர்களை அழைத்துக்கொண்டு நகரத்தை விட்டு நாட்டுப்புறம் சென்று பயிற்சி நடத்தினர். நட்சத்திர நடிகர் என்ற முறையை அவர்கள் ஏற்கவில்லை. இன்று முதன்மை வேடம் தாங்குபவர் நாளை ஒரு சொல் பேசி மறையும் வேடத்தையும் ஏற்க வேண்டும். ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறை அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. பணமுடை மிகுந்த குளிர்காலமொன்றில் குழுவினர் பலர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, முறைவைத்துச் சமைத்து, சேர்ந்து வாழ்ந்தனர். அங்கு வாழ்ந்தவர்களில் ஓடெட்ஸும் ஒருவர்.

இந்தக் குழுவில் நடிகர் என்ற முறையில் அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. 1932 இல் ஜோன் ஹவார்ட் லோசனின் ‘வெற்றிக் கதை’ மேடையேறியபோது முதன்மை நடிகர் வராவிடின் அவருக்குப் பதிலாக நடிக்கும் ஆயத்த நடிகராகவே அவர் இருந்தார். மேடைக்குப் பின்னே நின்று இரவுதோறும் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பணி அவருக்கு நாடகக் கல்லூரியாக அமைந்தது. எந்த நடிகர் எந்தச் சொல்லை எவ்வாறு உயிர்ப்பிப்பார் என்பதை அவர் அறிந்தார். பின்னர் எழுதத் தொடங்கியபோது வெற்றுத் தாளை நோக்கி அவர் எழுதவில்லை. தாம் நன்கு அறிந்த குரல்களுக்காகவே எழுதினார். அவரது நல்ல நாடகங்களில் தனிக் கதாநாயகன் இல்லாமைக்கு இதுவே காரணம். ஏழெட்டுப் பேர் ஏறத்தாழச் சம உரிமையுடன் பேசுகின்றனர். ஒருவர் துயரை மற்றவர் துயர் வெட்டிச் செல்கின்றது. ஒரு கூட்டு வாழ்க்கை நாடக வடிவத்தையே தீர்மானித்துவிட்டது.

1933 இல் ஓடெட்ஸ் தமது முதல் முக்கிய நாடகத்தை எழுதி முடித்தார். பின்னாளில் ‘விழித்தெழுந்து பாடுங்கள்’ என்று பெயர் பெற்ற நாடகத்தின் முதற் படியே அது. குழுவின் நெறியாளர்கள் அதனை முழுமையாக மேடையேற்ற உடன்படவில்லை. அந்தக் கோடையில் ஒரு விடுமுறை முகாமில் அதன் இரண்டாம் அங்கம் மட்டும் நடித்துக் காட்டப்பட்டது. பின்னர் பிரதி கிடப்பில் கிடந்தது. ஆகவே முற்போக்கான ஒரு குழுவுக்குள்ளேயும் எது நாடகம், எது நாடகமன்று எனத் தீர்மானிக்கும் அதிகாரம் சிலரிடமே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்தத் தீர்ப்பை மாற்றியவர்கள் விமர்சகர்கள் அல்லர்; பார்வையாளர்களே மாற்றினர்.

1934 இல் நியூயோர்க்கின் வாடகைக் கார் சாரதிகள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த ஆண்டின் இறுதியில் ஓடெட்ஸ் சில மாதங்களுக்குக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார். அக்காலத்திலேதான், குழு பொஸ்டன் நகரில் வேறொரு நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது, மூன்றே நாட்களில் ‘லெப்டிக்காகக் காத்திருத்தல்’ என்ற ஓரங்க நாடகத்தை அவர் எழுதினார். 1935 ஜனவரியில் ‘நியூ தியேட்டர்’ என்ற இடதுசாரிச் சஞ்சிகையின் நிதிக்காக நடந்த நிகழ்ச்சியொன்றில் அது முதன்முதல் நடிக்கப்பட்டது. திரைச்சீலை ஓவியங்கள் இல்லை, அலங்காரம் இல்லை. வெறும் மேடையில் அரைவட்டமாகச் சில நாற்காலிகள் மட்டுமே இருந்தன.

நாடகம் ஒரு தொழிற்சங்கக் கூட்டமாகத் தொடங்குகிறது. வேலைநிறுத்தம் செய்வதா என்று சாரதிகள் தீர்மானிக்க வேண்டும். சங்கத்தின் தலைமையில் இருக்கும் ஹரி பற் என்பவன் வேண்டாமென்று பேசுகிறான். அவனருகே துப்பாக்கியுடன் ஓர் அடியாள் நிற்கிறான். தொழிலாளரோ தாம் தெரிவுசெய்த குழுவின் தலைவனான லெப்டி வரட்டும் என்று காத்திருக்கின்றனர். காத்திருக்கும் வேளையில் குழுவினரில் சிலர் எழுந்து, தாம் ஏன் இங்கு வந்தோம் என்பதைக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் கதையும் சிறு காட்சியாக விரிகிறது. இறுதியில் ஒருவன் ஓடிவந்து செய்தி சொல்கிறான்: லெப்டி சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டதெனத் தோன்றுகிறது. மறுகணம் சபையெங்கும் வேலைநிறுத்த முழக்கம் எழுகிறது.

அன்றைய அரங்கில் நடந்ததை ஹரல்ட் கிளர்மன் 1945 இல் வெளியிட்ட தமது நினைவு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நடிகர்களில் சிலர் பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்தனர். அங்கிருந்தே குரல் எழுப்பினர். ஹரி பற் பேசியதெல்லாம் பார்வையாளரை நோக்கித்தான். ஆகவே இருக்கையில் இருந்தவர்கள் நாடகம் பார்ப்பவர்களாக இராமல், சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களாக மாறிவிட்டனர். இறுதிக் கேள்வி மேடையிலிருந்து வந்தபோது அவர்களே விடையளித்தனர். முழக்கம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. நடிகர்கள் மீண்டும் மீண்டும் மேடைக்கு அழைக்கப்பட்டனர். அன்று அரங்கிலிருந்தோர் தம் சொந்த வாழ்க்கைக்காகக் கூச்சலிட்டனர். நாடகம் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. இந்த நாடகம் அமெரிக்காவின் பல நகரங்களில் தொழிலாளர் குழுக்களாலும் மாணவர்களாலும் நடிக்கப்பட்டது. சில நகரங்களில் அதிகாரிகள் தடை விதித்தனர்.

கலைத்தரம் பற்றிப் பேசுவோர் இந்த நாடகத்தைப் பிரசாரம் என்று கூறி ஒதுக்குவதுண்டு. அதில் குறைகள் இல்லையென்று வாதிடுவது எமது நோக்கமன்று. ஹரி பற் என்பவன் மனிதனாகப் படைக்கப்படவில்லை; கேலிச் சித்திரமாகவே நிற்கிறான். ஆங்கிலத்தில் கொழுப்பு எனப் பொருள்படும் ஒலியையே அவனுக்குப் பெயராக வைத்திருப்பது இதற்குச் சான்று. இன்னுமொரு குறை ஆழமானது. சாரதிகளின் நாடகம் எனப்படும் இதில் கிளைக்காட்சிகளின் நாயகர் பலர் பிறப்பால் சாரதிகள் அல்லர். நச்சுவாயு ஆராய்ச்சியில் ஈடுபடவும் உடன் பணியாற்றுபவரை வேவு பார்க்கவும் மறுத்த ஆய்வுகூட உதவியாளன் ஒருவன். யூதன் என்பதால் வேலை இழந்த இளம் மருத்துவன் ஒருவன். நெருக்கடியால் கீழே தள்ளப்பட்ட நடுத்தர வர்க்கத்தின் கோபமே தொழிலாளியின் சட்டையை அணிந்துகொண்டு பேசுகிறது என்று கூறுவது மிகையாகாது. ஓடெட்ஸ் தாம் அறிந்த வர்க்கத்தையே எழுதினார்.

இவ்வளவும் கூறிய பின்னரும் நாடகம் நிலைக்கிறது. அதற்கு அடிப்படை அந்தக் கிளைக்காட்சிகளிலேயே உள்ளது. முதற் காட்சியை எடுத்துக்கொள்வோம். தவணைப் பணம் கட்டாமையால் வீட்டுத் தளபாடங்களைக் கடைக்காரர் தூக்கிச் சென்றுவிட்டனர். பிள்ளைகள் இரவு உணவின்றி உறங்குகின்றனர். ஜோ என்னும் சாரதியின் மனைவி எட்னா கணவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. கண்ணீர் வடித்து மூலையிலும் அமரவில்லை. நீங்கள் ஏன் ஒன்றுசேரவில்லை, சங்கத்தை ஏன் அயோக்கியரிடம் விட்டுவைத்தீர்கள் என்று அவள் குறுக்கு விசாரணை செய்கிறாள். விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டவும் செய்கிறாள். ஊதியக் கணக்கும் தாம்பத்திய உறவும் ஒரே உரையாடலில் பின்னிக் கிடக்கின்றன. பொருளாதாரம் மனிதரின் அன்பைக்கூட எவ்வாறு அரித்துத் தின்கிறது என்பதைப் பெரிய நூல்கள் விளக்குகின்றன. இந்தக் காட்சி சமையலறையில் வைத்து அதைக் காட்டிவிடுகிறது.

தோட்டப்புற வாசகருக்கு எட்னா அந்நியள் அல்லள். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மலையேறுவதும் கூடை சுமப்பதும் மடுவத்தில் நிறுவைக்கு நிற்பதும் அவர்கள். மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவதும் அவர்களே. ஆயின் சங்கத்தின் மேடையில் பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். எட்னாவின் குரலை எங்கள் மேடையில் ஒருத்தி எழுப்பினால், அவள் கணவனை மட்டுமா குறுக்கு விசாரணை செய்வாள்? இந்தக் கேள்வியை எழுப்பத் துணியும் நாடகமே இங்கு வேண்டும்.

‘லெப்டி’ பெற்ற வரவேற்பு குழுவின் நெறியாளர்களுக்கும் பாடமாயிற்று. கிடப்பில் கிடந்த ‘விழித்தெழுந்து பாடுங்கள்’ 1935 பெப்ரவரியில் மேடையேறியது. இது முழக்கமில்லாத நாடகம். புரொங்ஸ் பகுதியில் பேகர் குடும்பம் வாழும் ஒரு சிறிய வீடே களம். வாடகையும் மானமும் காக்கத் தாய் பெஸி குடும்பத்தை இரும்புப் பிடியில் வைத்திருக்கிறாள். மகளின் கர்ப்பத்தை மறைத்து ஓர் அப்பாவிக்கு மணமுடித்து வைக்கிறாள். மகன் விரும்பிய ஏழைப் பெண்ணை விரட்டுகிறாள். மூலையில் பாட்டன் ஜேக்கப் மார்க்சைப் படித்துக்கொண்டும் பழைய இசைத்தட்டுக்களைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்பாரில்லை. தமது காப்புறுதிப் பணம் பேரனுக்குச் சேரட்டும் என எண்ணி அவர் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து மாய்கிறார். பேரன் ரல்ப் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளாமல், பாட்டனின் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறான்.

இங்கு பெஸியின் பாத்திரம் குறிப்பிடத்தக்கது. அவள் கொடியவள் அல்லள். அச்சத்தால் கொடுமை செய்பவள். தெருவில் தூக்கி வீசப்பட்ட அயலவரின் தளபாடங்களைக் கண்டவள். ஹரி பற்றைக் கேலிச் சித்திரமாக்கிய அதே எழுத்தாளர் பெஸியை முழு மனுஷியாகப் படைத்திருக்கிறார். ‘லெப்டி’க்கு முன்னரே இந்த நாடகம் எழுதப்பட்டுவிட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். முதலில் பிரசாரம், பின்னர் கலை என்று அவர் வளர்ந்ததாகக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. குடும்பத்தின் மெல்லிய வேதனையும் கூட்டத்தின் உரத்த முழக்கமும் ஒரே மனத்தில், ஒரே காலத்தில் பிறந்தவை. ஒன்றை மெச்சி மற்றதை இகழ்வோர் இரண்டையும் புரிந்துகொள்ளாதவர்களே.

இவ்விரு நாடகங்களின் மொழியும் எம் கவனத்துக்குரியது. புரொங்ஸின் யூதக் குடும்பங்கள் பேசிய ஆங்கிலத்தை, அதன் வேற்றுமொழி வாடையோடும் குத்தலோடும் பாதியில் அறுந்துபோகும் வாக்கியங்களோடும், ஓடெட்ஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் எமது நாட்டிலும் இத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி, ‘நானாடகம்’ என்ற பெயரில் 1940 இல் தொகுத்து வெளியிட்டார். பேச்சுத் தமிழ் மேடைக்கு ஆகாது என்ற எண்ணத்தை அவை தகர்த்தன. தோட்டத்துத் தமிழோ நகர மேடைகளில் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்பட்டு வந்திருக்கிறது. பெரட்டுக்களம், கணக்கப்பிள்ளை, பற்றுச்சீட்டு, லயக்காம்பிரா என்ற சொற்களுக்குள் எத்தனை தலைமுறையின் அனுபவம் அடங்கியிருக்கிறது! அச்சொற்களைக் கேட்டுச் சபை சிரிப்பதை நிறுத்தி, மூச்சடக்கிக் கேட்கும் நாளே எமது நாடகம் பிறக்கும் நாளாகும்.

ஓடெட்ஸின் எழுச்சி எவ்வளவு விரைவானதோ, தளர்ச்சியும் அவ்வளவு விரைவாகத் தொடங்கியது. 1935 டிசம்பரில் வந்த ‘இழந்த சொர்க்கம்’ தோல்வியுற்றது. அடுத்த ஆண்டு அவர் திரைக்கதை எழுத ஹொலிவூட் சென்றார். அங்கு ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியைக் குழுவுக்கு அனுப்பினார் என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும்; அவர் காசுக்காக மட்டும் போனவர் அல்லர். 1937 இல் ‘தங்கப் பையன்’ என்ற நாடகத்துடன் திரும்பினார். வயலின் வாசிக்கும் இளைஞன் பணத்துக்காகவும் புகழுக்காகவும் குத்துச்சண்டை வீரனாகிறான். சண்டையில் கை முறிகிறது. இனி வயலின் இல்லை. குழுவுக்கு மிகப் பெரும் வருவாயைத் தந்த நாடகம் இதுவே. அதன் கதை தம்மைப் பற்றியது என்பதை ஆசிரியர் அறியாதிருந்திருக்க முடியாது.

1941 இல் குழு அரங்கு கலைந்தது. அதன்பின் ஓடெட்ஸ் எழுதாமலில்லை, திறமையும் குன்றிவிடவில்லை. ஆனால் அவர் எழுதிய குரல்கள் கலைந்துவிட்டன. அவரிடம் விடை கேட்டு நின்ற சபையும் கலைந்துவிட்டது. 1952 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன்னிலையில் அவர் தம் பழைய தோழர்களின் பெயர்களைக் கூறினார். அவர்களில் குழு அரங்கின் நடிகர் எட்வர்ட் புரோம்பேர்க்கும் ஒருவர். சில மாதங்களுக்கு முன்னர் இறந்த அவருக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் உரையாற்றியவரும் ஓடெட்ஸே. ‘லெப்டி’யில் ஒரு காட்சி உண்டு: தொழிலாளர் நடுவே புகுந்த வேவுகாரனை அவனுடைய உடன்பிறந்தவனே எழுந்து அடையாளம் காட்டுகிறான். அந்தக் காட்சியை எழுதிய கை பதினேழு ஆண்டுகளின் பின் அரசுக்குப் பெயர்களைக் கொடுத்தது. இதைக் கூறுவது ஒரு மனிதனை இழிவுபடுத்துவதற்காகவன்று. அச்சம் எவரையும் வளைக்கும். தனியாக நிற்பவனை விரைவில் வளைக்கும் என்பதே இதிலுள்ள பாடம். 1963 இல் அவர் லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

ஆகவே ஓடெட்ஸை ஆக்கியவை மூன்று: அவர் அனுபவித்த நெருக்கடி, அவரைப் பயிற்றிய குழு, அவரை எதிர்பார்த்திருந்த சபை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் 1935 நிகழ்ந்திராது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எம் மண்ணைப் பார்ப்போம்.

நெருக்கடிக்கு இங்கு என்றும் பஞ்சமில்லை. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழியாக மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. நியூயோர்க்கில் சாரதிகளை வாட்டிய அதே மந்தமே அப்புத்தளையில் கூலியையும் வெட்டியது. இந்தப் பொதுமையை உணர்ந்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். அட்டனில் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசையர் தொழிலாளரின் அந்தரப் பிழைப்பைப் பற்றிய நாடகமொன்றை 1937 இல் வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அதே 1937 இல் கேரளத்தில் கே. தாமோதரன் விவசாயிகள் சங்கத்துக்காகப் ‘பாட்டபாக்கி’ என்ற நாடகத்தை எழுதினார். நியூயோர்க், மலபார், அட்டன் ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டாண்டு இடைவெளிக்குள் தொழிற்சங்கமும் நாடகமும் கைகோத்தன. மலபாரில் அந்தக் கைகோப்பு வளர்ந்து பேரியக்கமாயிற்று. இங்கு தொடர்ச்சி அறுந்தது.

சபைக்கும் பஞ்சமில்லை. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடக்கிறது. காமன் பொட்டலில் மேடை இல்லை, திரை இல்லை. தப்பொலி எழுந்ததும் லயங்களிலிருந்து மக்கள் வந்து வட்டமாகச் சூழ்கின்றனர். நேற்றுவரை கவ்வாத்து வெட்டிய இளைஞன் இன்று மன்மதன். அவனோடு வேலை செய்தவன் இரதி. நேர்த்திவைத்து வேடம் கட்டுவோரும் அவர்களுக்குள் உண்டு. மன்மதன் எரிந்ததும் இரதியின் புலம்பலுக்கு ஊரே கண்ணீர் விடுகிறது. நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே சுவர் எழுப்பாத அரங்கு என்று நியூயோர்க்கில் எதைப் புதுமையாகக் கொண்டாடினார்களோ, அது எம் மக்களுக்குத் தலைமுறை வழக்கம். கோப்பிக் காலத்தில் மூட்டை முடிச்சோடு அவர்கள் கொண்டுவந்த செல்வங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் படித்தவர்களாகிய நாம் அதனைச் சடங்கு என்று கூறி விலகி நிற்கின்றோம். அல்லது கலாசார விழாவில் பத்து நிமிடக் காட்சிப் பொருளாக்கி மேடையில் நிறுத்துகின்றோம்.

எமக்கு இல்லாதது குழுவே. ஆண்டுக்கொரு முறை போட்டிக்காகக் கூடிப் பரிசு பெற்றதும் கலைந்துவிடும் குழுவால் இப்பணி ஆகாது. தோட்டத்து இளைஞரும் பெண்களும் ஆசிரியரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பயின்று, சேர்ந்து சண்டையிட்டு, சேர்ந்து எழுதும் குழு வேண்டும். அத்தகைய குழு எழுந்தால் அதற்குக் கருப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. காத்திருத்தல் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே போதும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் எஞ்சியவர்கள் 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருந்தனர். 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதர் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எந்தப் பட்டியலில் தம் பெயர் வரும் என்று குடும்பங்கள் காத்திருந்தன. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015 இல் எழுந்து 2021 இல்தான் சட்டபூர்வமாயிற்று. கொழும்பில் பேச்சுவார்த்தை நடந்த நாட்களிலெல்லாம் மலையில் மக்கள் காத்திருந்தனர். அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் முன்னரே அறியப்பட்டிருந்தும் மாற்று வீடு வராமல் அந்த மக்கள் காத்திருந்தனர்.

இங்கேதான் ஓடெட்ஸின் நாடகம் எமக்கு வேறொரு பொருளில் ஒளிர்கிறது. லெப்டி மேடைக்கு வருவதேயில்லை. நாடகம் முழுவதும் அவன் பெயர் மட்டுமே உலவுகிறது. அவன் வரமாட்டான் என்று அறிந்த கணத்தில் தொழிலாளர் தம் தீர்மானத்தைத் தாமே எடுக்கின்றனர். தலைமை வேண்டாமென்று நாடகம் கூறவில்லை. லெப்டி அவர்களே தெரிவுசெய்த தலைவன். அவர்கள் பெயரால் பேசும் ஹரி பற்றுக்கும் அவர்களுள் ஒருவனான லெப்டிக்கும் உள்ள வேற்றுமையை அது தெளிவாகவே காட்டுகிறது. தலைவன் வரும்வரை வாழ்க்கையை ஒத்திவைக்கும் மனநிலையையே அது உடைக்கிறது. இந்தப் பாடத்தை ஊவாத் தொழிலாளர் நூல் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. 1940 இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தமக்கென ஒரு குழுவைத் தெரிவுசெய்தனர். அக்குழுவைக் கலந்து நடக்கத் தோட்டத்துரை இணங்க நேர்ந்தது. அந்த நாட்களை நாடகமாக்க ஒரு குழு இன்னும் எழவில்லையே என்பதுதான் எம் குறை.

எமது பெரும் நாடகாசிரியன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டிருப்பதும் லெப்டிக்காகக் காத்திருப்பதன் மற்றொரு வடிவமே. அவன் எங்கிருந்தும் இறங்கி வரப்போவதில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் நகர மண்டபத்துக்கு விண்ணப்பம் எழுதுவதை ஒருபுறம் வைத்துவிட்டு, அடுத்த மாசியில் காமன் பொட்டலுக்குச் செல்லட்டும். பார்வையாளராக நில்லாமல், தப்படிப்பவரிடமும் இரதி வேடம் கட்டுபவரிடமும் கற்றுக்கொள்ளட்டும். கூத்து முடிந்த பின்னும் கலையாமல் அமர்ந்து, கொழுந்து நிறுவையில் வெட்டப்பட்ட கிலோவைப் பற்றி ஒரு பெண் பேசுவதைக் கேட்கட்டும். அவள் பேச்சை அவளே மறுநாள் நடித்துக் காட்டும்படி கேட்கட்டும். மூன்று நாளில் எழுதப்பட்ட நாடகத்துக்குப் பின்னால் நான்கு ஆண்டுக் கூட்டு உழைப்பு இருந்தது. அந்த உழைப்பை இங்கு தொடங்குவதற்கு எவருடைய வருகைக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.